அடைத்து வைத்தவர் கடன்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அங்குப் பயின்ற மாணாக்கர்க்கும் பணியாளர்க்கும் அமைந்த ஆதுலர் சாலையில் படுக்கைகள் 15 என்றும், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் என்றும் அது கணக்கிட்டுச் சொல்கிறது. ஓர் உயிரைத் தம் கூரையின்கீழ்க் கொண்டுவந்தவர் அதற்குப் பட்டிருக்கும் கடனைக் கல்லில் எழுதிவைத்த மண் இது.

இதே மண்ணின் கிழக்கெல்லையில், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், 1998-ஆம் ஆண்டு ‘டால்பின் சிட்டி’ என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் ஓங்கில் காட்சி தொடங்கிற்று. அந்த ஓங்கில்கள் பல்கேரியாவிலிருந்து தருவிக்கப்பட்டவை. ஆறு திங்களுக்குள் அவை அனைத்தும் மாண்டன. நாமும் அப்போது மதரஸா மாணவர்களை அழைத்துச் செல்ல எண்ணியிருந்தோம். வண்டிக் காசு சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. அன்று நாம் வருந்தியது அந்த வாயில்லாச் சீவன்களுக்காக அன்று, தவறிப்போன காட்சிக்காகவே என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். கடலில் மூழ்குவோனுக்கு முதுகு கொடுத்துக் காக்கும் பிராணி என்று ஓங்கிலைப்பற்றி இமாம் தமீரீ தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் எழுதியிருப்பதை நாம் முன்னரே ஓதியிருந்தோம். ஓதியது நெஞ்சில் இறங்கவில்லை.

ஓங்கில் குடும்பத்தில் மிகப் பெரியது ஓர்க்கா. கொலைத் திமிங்கிலம் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் திறந்த கடலில் அது மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை. 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்ட திலிக்கும் என்ற ஆண் ஓர்க்காவோ, தொட்டி வாழ்வில் மூவரின் மரணத்திற்குக் காரணமாயிற்று. பெயர் யாருக்குப் பொருந்தும் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

1970 ஆகஸ்டு 8-ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பென் விரிகுடாவில் ஓர்க்காக் கூட்டத்தைப் படகுகளால் விரட்டி வலைக்குள் அடைத்தார்கள். குட்டிகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்தார்கள். குட்டிகள் சில வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. செய்தி வெளிவராதிருக்க, இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கனம் ஏற்றிக் கடலில் ஆழ்த்தினார்கள். உயிரோடு எடுத்துச் செல்லப்பட்ட குட்டிகளுள் ஒன்று டோக்கிடே. மயாமி நகரில் 80 அடி நீளத் தொட்டியில் அது வளர்ந்தது. அதனுடன் இருந்த ஆண் ஓர்க்கா 1980-இல் இறந்தபின், 2023 ஆகஸ்டு 18-இல் தான் இறக்கும்வரை, தன் இனத்தில் வேறொன்றை அது காணவில்லை. அது பிறந்த கடலில் அதன் இனத்தார் ஆணும் பெண்ணும் வாழ்நாளெல்லாம் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை.

“வேளைக்கு மீன் கொடுத்தார்களே, வைத்தியர் இருந்தாரே” என்பார் உளர். பூனையை அடைத்துப் பட்டினியிட்டுக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அவள் உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்ன விடவுமில்லை. ‘இங்குதான் உணவு கொடுக்கப்படுகிறதே’ என்பது இவர்கள் வாதம். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் அபூ உமைர் சிட்டுக்குருவி வளர்த்ததைப் பெருமானார் (ஸல்) தடுக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவர். உண்மைதான். பறவை வளர்ப்பதற்கு அறிஞர்கள் அதிலிருந்து இடம் கொண்டார்கள், நாமும் மறுக்கவில்லை.

ஆனால், ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எண்ணும்போது தீனியோடு நிறுத்தவில்லை. முதுமையாலோ நோயாலோ பயன்படாது போயினும் அதனைப் பேணவேண்டும், தங்குமிடம் நல்லதாயிருக்கவேண்டும், பருவத்தில் ஆணையும் பெண்ணையும் கூடவிடவேண்டும், தாயின் கண்ணெதிரே குட்டியை அறுக்கலாகாது என்கிறார். கூட்டில் சிட்டுக்கு இக்கடனை ஒருவாறு தீர்க்கலாம். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தவல்ல உயிருக்குத் தீர்ப்பது எங்ஙனம்? காவலர் எத்துணை அன்புடையவராயினும் கடலையும் தாயையும் அவரால் அளந்து கொடுக்க முடியாது. தீர்க்க இயலாதென்று முன்னரே தெரிந்த கடனை, வேடிக்கைக்காக வாங்குவதற்கு எந்த நியாயமும் நமக்குப் புலப்படவில்லை.

கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஓங்கில் காட்சிக்கூடங்கள் அமைக்கும் முயற்சி எழுந்தபோது, 2013 மே மாதம் இந்திய அரசு இத்தகைய கூடங்களுக்கு அனுமதியில்லை என்று சுற்றறிக்கை விடுத்தது. ஓங்கில்களை அரசு ‘மனிதரல்லாத நபர்’ என அறிவித்துவிட்டதாகப் பலரும் எழுதினர். அறிஞர் சிலரின் கருத்தாகவே அச்சொல் அதில் இடம்பெற்றது. தடை மட்டும் தடைதான். சுற்றுலா எங்கே என்று கேட்கும் நம் மாணவர்களை நாம் இப்போது திருமுக்கூடலுக்கு அழைத்துச் செல்கிறோம். கல்வெட்டில் அந்தப் பதினைந்து படுக்கைகள் எங்கே எழுதியிருக்கின்றன என்று அவர்கள் விரலால் தடவித் தேடுகிறார்கள்.