ஆலைத் தொழிலும் அறமும்

ஈட்டிய பொருளில் ஒரு பங்கை அறத்திற்கு ஒதுக்குதல் நம் முன்னோர் கண்ட நெறி. குளந் தொட்டார், சத்திரம் அமைத்தார், திண்ணைப் பள்ளிக்கு நெல் அளந்தார் என்று அவர்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகின்றோம். இக்காலத்திலோ நம் பக்கத்தில் உழவு சுருங்கி யந்திரத் தொழில் ஓங்கிவிட்டது. மாங்காட்டைச் சூழ்ந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களில் பட்டறை வைத்து நடத்துவோரும் ஆலைகளிற் பணிபுரிவோரும் நம் சங்கத்து அங்கத்தினருட் பலர் உளர். ஆதலின் ஆலைத் தொழிலுக்குரிய அறம் யாது என்பதைச் சரித்திர வாயிலாக ஒருவாறு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் பெரம்பூரை நோக்குவோம். அங்கே பின்னி கம்பெனியாரின் நிருவாகத்தில் 1876-இல் பக்கிங்காம் ஆலையும் 1881-இல் கர்நாடிக் ஆலையும் தோன்றின. அந்த 1881-ஆம் ஆண்டிற்றான் இந்நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் பிறந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வேலைக்கு வைத்தலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவரிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் அது விதித்தது. இதனைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது எனின், அக்காலத்து நிலைமை கூறாமலே விளங்கும்.

பெரம்பூர் ஆலையார் தொழிலாளர் குழந்தைகட்குப் பள்ளிக்கூடம் நடத்தினர். வீடுகளும் கட்டித் தந்தனர். அந்நன்மைகளை மறைத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஆயினும் 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள், அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தரனார் உதவித் தலைவராகவும் விளங்கினர். நண்பகலில் உணவு கொள்ள விட்ட நேரம் போதாமையே அவர்கள் முதலில் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. கம்பெனியார் வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதி மன்றத்திலே சங்கத் தலைவர்க்கு எதிராகத் தடையாணை பெற்றனர். அவ்வழக்கால் எழுந்த கிளர்ச்சியே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வருதற்கு ஒரு காரணமாயிற்று. பின்னர் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதாரை ஆலையில் வைத்தலாகாது என்றும், வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்றும் வரையறுத்தது. இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? மகனுக்குப் பள்ளி தந்தேன் என்று கூறித் தந்தைக்குரிய சோற்று வேளையைக் குறைத்தல் தகாது என்பதே. கொடை வேறு, கடன் வேறு. கொடையைக் கொண்டு கடனை ஈடு செய்தல் இயலாது.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். 1949-இல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலக் கம்பெனி ஒன்றோடு கூடி ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் சைக்கிள் ஆலை அமைத்தனர். அதனைச் சார்ந்து ஆவடியில் 1957-இல் முருகப்பா பாலிடெக்னிக் எழுந்தது. 1966-இல் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனை தோன்றி, அவ்வாங்கிலக் கம்பெனியின் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்போர்டு என்பாரின் பெயரைத் தாங்கிற்று. யந்திரம் வந்த இடத்தில் அவ்யந்திரத்தை இயக்கும் கல்வியும், இயக்குவோர் நோய் தீர்க்கும் மருத்துவமும் உடன்வருதல் எத்துணைச் சிறப்புடையது!

இதற்கு மாறானதொரு காட்சியைப் பாலாற்றங்கரையிற் காணலாம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலால் பல்லாயிரவர் பிழைத்தனர். அத்தொழிலாற் செல்வமும் பெருகியது. ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் நீர் வேண்டும். அந்நீர் நஞ்சாகி நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்குத் தகாததாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவையார் உச்சநீதி மன்றத்தை அடைந்தனர். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு, மாசு செய்தவனே அதனை நீக்குஞ் செலவையும் ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை நாட்டியது; தோற்சாலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்நாளில் மாங்காடு அடங்கியிருந்த செங்கை எம். ஜி. ஆர். மாவட்டத்துத் தோற்சாலைகளும் அவ்வாணைக்கு உட்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

2013-இல் இயற்றப்பட்ட கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைக் கல்வி, சுகாதாரம் முதலிய பொதுநலத்திற்குச் செலவிடுக என்றது. நல்லதே. ஆனால் அவ்விரண்டு விழுக்காடு எங்குச் சென்றது என்று வினவுவார் பலர்; எஞ்சிய தொண்ணூற்றெட்டு எவ்வாறு வந்தது என்று வினவுவார் சிலரே.

ஈண்டு என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் செல்வர் ஒருவர் எம் மாணாக்கர்க்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினார். அவர்மேல் வாழ்த்துப்பாப் பாடியவன் யானே. மூன்று நாட் கழித்துச் சிறுவன் ஒருவன் இரு காலிலும் புண்ணோடு வகுப்பிற்கு வந்தான். வினவியபோது, தான் நாள்தோறும் கடந்துவரும் வாய்க்காலிற் பட்டறைக் கழிவு கலக்கின்றது என்றான். யான் சென்று பார்த்தேன். அது அச்செல்வருடைய பட்டறையே. அவன் கையில் அவர் தந்த நோட்டு. காலில் அவர் தந்த புண். இதனை அவரிடம் சென்று சொல்ல என் நா எழவில்லை. வாழ்த்துப் பாடத் தெரிந்த நாவிற்கு உண்மை கூறத் தெரியாமற் போயிற்று. அந்த நாணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

திருவள்ளுவர் ஈகையை இல்லறவியலிலும், இன்னாசெய்யாமையைத் துறவறவியலிலும் வைத்தார். அதுகொண்டு, பிறர்க்குத் தீங்கு செய்யாமை துறவிகட்கு மட்டுமே உரியது என்று இல்லறத்தார் எண்ணிவிடலாகாது. யந்திரம் வைத்தவன் எவனும் பிறர்க்கு இன்னா செய்யாமையை முதற்படியாகவும், உழைப்பார்க்கு உரியதைக் கொடுத்தலை இரண்டாம் படியாகவும், ஈகையை மூன்றாம் படியாகவும் கொள்ளல் வேண்டும். முதலிரு படிகளை மிதியாது மூன்றாம் படியில் நிற்றல் எங்ஙனம் கூடும்?

ஆகவே அன்பர்காள், பட்டறை உடையோர் தத்தம் கழிவு எங்கே போகின்றது என்பதைத் தாமே ஒருமுறை உடன்நடந்து காண்க. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாது, அரசினரின் அனுமதி பெற்றுச் சுத்திகரிப்போரிடம் ஒப்புவிக்க. அரைக்கும் யந்திரத்தின் முன் நிற்பவன் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கொடுக்க. தனித்து இயலாதவற்றைச் சிறு பட்டறையினர் பலர் கூடிச் செய்தல் எளிது. அதற்கு நம் சங்கம் முன்னிற்றல் வேண்டும். ஆண்டுவிழாவில் நன்கொடையாளர் பெயர்களைப் படிக்குமுன், அவர்தம் பட்டறை வாயிலில் ஓடும் நீரையும் நம் காரியதரிசிகள் ஒருமுறை பார்த்து வருவார்களாக. அங்ஙனம் பார்த்துவந்து படிக்கும் பெயர்களுக்கு வாழ்த்துப்பாப் பாட யான் என்றும் காத்திருக்கின்றேன்.