மீகூன் கோரிங்: நம்ம மாமா கடை அரிசிச் சேமியா

இடியாப்பமும் மீகூனும் ஒரே குடும்பம்தான். இரண்டும் அரிசி மாவைப் பிழிந்து செய்வது. இடியாப்பத்தை அவித்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மீகூனைக் காயவைத்து விற்பதால் மாதக்கணக்கில் இருக்கும், கப்பலிலும் போகும்.

பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. சீனாவின் ஹொக்கியன் மொழியில் 'பீ ஹூன்' என்றால் அரிசி மாவு. 'கோரிங்' என்றால் மலாயில் வறுப்பது, பொரிப்பது. இதை விற்கும் தமிழ் முஸ்லிம் கடைகளுக்கு அங்கே 'மாமாக்' என்று பெயர். அது நம் 'மாமா'தான்!

1786-ல் ஆங்கிலேயர் பினாங்கைப் பிடித்த பிறகு தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே பெருகினார்கள். 1801-லேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. வ. புதுப்பட்டியிலிருந்து ராஜபாளையம் தாண்டித் தெற்கே போனால் வரும் கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். 1941-ல் அங்கே தனிச் சங்கமே வைத்தார்கள்.

சீனர்கள் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். முஸ்லிம்களுக்கு அது ஆகாது. மாமாக் கடையில் சேமியாவும் சோயா சாஸும் சீனருடையவை. எண்ணெயில் வெங்காயம், அரைத்த மிளகாய், கோழி அல்லது ஆட்டிறைச்சி, முட்டைக்கோஸ், முளைப்பயறு வதக்கி, ஊறவைத்த மீகூனைச் சோயா சாஸுடன் சேர்த்துப் பிரட்டுவார்கள்.

விளைவு? மலாய்க்காரரும் தமிழரும் சீனரும் ஒரே கடையில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இது யாருடைய உணவு என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. பிழைக்கப் போனவர்கள் யாரையும் விலக்காத ஒரு தட்டைப் பரிமாறினார்கள். வியாபாரமும் நடந்தது, உறவும் வளர்ந்தது.