கோல்மேல் : ஒரு நீலகிரி மலையூரின் வாழ்வும் அதன் மொழிச் சான்றுகளும்

1. முன்னுரை

நீலகிரி மலைத்தொடரில் கோத்தர் வாழும் ஊர்கள் ஏழு. திராவிட மொழியியல் வரலாற்றில் அவற்றுள் ஒன்றுக்குத் தனியிடம் உண்டு. கோத்தர் அதனைக் கோல்மேல் என்பர். அரசு ஆவணங்களும் சமவெளி மக்களும் கொல்லிமலை என்பர். எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் நிகழ்த்திய கள ஆய்வின் விளைவாக, 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட கோத்தர் மொழிக் கதைத்தொகுதி இவ்வூரின் வாழ்வையே பெரிதும் பேசுகிறது. 1937-இல் இந்தியா வந்த மானிடவியலறிஞர் டேவிட் மாண்டல்பாம் எழுதிய கட்டுரைகளும் இவ்வூரையே மையமாகக் கொண்டவை.

ஒரு சிற்றூரைக் குறித்து இத்துணைச் சான்றுகள் கிடைப்பது அரிது. எனினும் அச்சான்றுகள் எவ்வழியாக வந்தன, யார் வாய்மொழியாக வந்தன, எம்மொழியின் வாயிலாகச் சென்றன என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் அவ்வூரின் வரலாற்றை எழுத இயலாது. கோல்மேலின் வாழ்க்கைநிலையையும் அதனை அறிவிக்கும் சான்றுகளின் இயல்பையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மலையும் மக்களும்

நீலகிரியைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று கன்னட நாட்டைச் சேர்ந்தது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோதவரை அஞ்சச் செய்ததாகவும் நீலமலையைக் கைப்பற்றியதாகவும் சாமராசநகரப் பகுதியில் உள்ள 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் விசயநகரப் பேரரசு 1565-இல் வீழ்ச்சியுற்றதைத் தொடர்ந்த காலத்தில், மைசூரின் தென்பகுதியிலிருந்து படகர் பெருமளவில் மலையேறினர் என்பது பலரும் ஏற்கும் கருத்து. 1603-இல் மலைக்கு வந்த பினிசியோ என்னும் பாதிரியார் அங்குத் தோதவரையும் படகரையும் கண்டார். மைசூர் அரசின் ஆட்சியிலிருந்த இம்மலை, திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டிற்குப்பின் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோயம்புத்தூர் ஆட்சித்தலைவர் ஜான் சல்லிவன் 1819-இல் இங்கு வந்தார்.

தொகையால் மிகுந்த படகரின் மொழி காலப்போக்கில் மலைவாழ் குழுக்களிடையே பொதுமொழியாக வழங்கலாயிற்று. இது நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. மலைக்கு வந்த அதிகாரிகளும் சமயப் பணியாளரும் கோத்தரோடு பெரும்பாலும் படகமொழியின் வாயிலாகவோ தமிழின் வாயிலாகவோதான் பேசினர். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் குறிப்புகளில் காணும் கோத்தர், பெரிதும் அயலார் கண்ணில் பட்ட கோத்தரே ஆவர். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் எழுதி 1873-இல் வெளிவந்த நூலையும் 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பையும் இக்கருத்தை மனத்திற்கொண்டே பயன்படுத்தல் வேண்டும்.

3. ஊரமைப்பு

கோத்தர் தம்மைக் கோவ் என்றும் தம் ஊரைக் கோக்கால் என்றும் வழங்குவர். கோல்மேல் (கொல்லிமலை), தீச்கார் (திருச்சிக்கடி), மேநார் (குந்தா கோத்தகிரி), குர்கோஜ் (சோலூர் கோக்கால்), போர்கார் (கோத்தகிரி), கினார் (கீழ்க்கோத்தகிரி), கலாச் (கூடலூர் கோக்கால்) என ஊர்கள் ஏழு. கருநிறப் பசு ஒன்று முன்னே நடந்து சென்றதென்றும், அது கால் ஊன்றி நின்ற இடங்களில் ஊர்கள் தோன்றின என்றும் அவர்தம் தொன்மம் கூறும். 1990-களின் தொடக்கத்தில் கோத்தரிடையே நெடுங்காலம் தங்கி ஆய்ந்த இசையியலறிஞர் ரிச்சர்டு உல்ப் 2005-இல் வெளியிட்ட தம் நூலுக்கு இத்தொன்மத்திலிருந்தே பெயர் சூட்டினார்.

ஊர் கேர் எனப்படும் வீட்டு வரிசைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இச்சொல் தமிழின் கேரியோடும் சேரியோடும் உறவுடையது என்பது வெளிப்படை. கோத்தகிரி என்னும் நகரப் பெயரும் கோத்தர்கேரி என்பதன் திரிபே என்பர். ஒரே கேரைச் சேர்ந்தோர் உடன்பிறந்தாராகக் கருதப்படுவதால் மணவுறவு வேறு கேரிலோ வேறு ஊரிலோ அமையும். எனவே கேர் என்பது தெரு மட்டுமன்று. ஓர் உறவுக் குழுவுமாகும். இதனைத் ‘தெரு’ என்று பெயர்ப்பின் உறவுப்பொருளும், ‘குலம்’ என்று பெயர்ப்பின் இடப்பொருளும் மறையும்.

ஊருக்குத் தலைவர் கொத்கார்ன். கோவிற்பணிக்கு முந்த்கானோன் என்னும் பூசாரியும் தெய்வமேறிக் குறிசொல்லும் தேர்கார்னும் உளர். தந்தை எனப் பொருள்படும் அய்னோர், தாய் எனப் பொருள்படும் அம்னோர் ஆகியோர் முதன்மைத் தெய்வங்கள். ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களை ஒட்டிக் காமட்ராயர் திருவிழா நிகழும். இறந்தோர்க்குச் செய்யும் சடங்கு இருவகைப்படும். இறந்தவுடன் நிகழ்வது பச்தாவ். பின்னர் ஊர்ப்பொதுவாக நிகழ்வது வறள்தாவ். பசுமை, வறட்சி என்னும் முரண் தமிழறிந்தார்க்கு உடனே விளங்கும். ஈரமுள்ள சாவு, உலர்ந்த சாவு என்னும் இப்பாகுபாடு, துயர் காலத்தால் உலர்வதையும் உடன் உணர்த்துகிறது.

4. தொழிலும் கொடுக்கல் வாங்கலும்

கோத்தர் மலையின் கைவினைஞர். இரும்பு, வெள்ளி, மரம், தோல் ஆகிய பொருள்களில் ஆடவர் தொழில் செய்தனர். மட்கலம் வனைதல் மகளிர் தொழிலாயிற்று. சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றைத் தாமே பயிரிட்டனர். கொள் என்னும் குழலும் முழவு வகைகளும் கொண்ட அவர்தம் இசை, தோதவர், படகர் ஆகியோர் இறுதிச் சடங்குகளுக்கு இன்றியமையாததாக விளங்கியது. மாற்றாகப் படகரிடமிருந்து தானியமும், தோதவரிடமிருந்து நெய்யும் சடங்கில் பலியிட்ட எருமையும் பெற்றனர். காட்டுப்பொருளும் மந்திரக் காவலும் குறும்பர் தந்தனர்.

இக்கொடுக்கல் வாங்கல் சந்தை வணிகமன்று. ஒவ்வொரு கோத்தக் குடும்பமும் குறிப்பிட்ட சில படகக் குடும்பங்களோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு கோத்தர் தம் பங்காளிக்குப் பணிசெய்ய மறுப்பின், வேறொரு கோத்தர் அவ்விடத்தை நிரப்பலாகாது. இவ்வொப்பந்தமே கோத்தருக்கு வலிமை அளித்ததை மாண்டல்பாம் எடுத்துக்காட்டியுள்ளார். அரிவாளும் கலப்பைக் கொழுவும் வேறெங்கும் கிடைக்காத காலத்தில், கொல்லனின் மறுப்பு ஓர் ஊரின் உழவையே நிறுத்தவல்லது.

இந்நிலை நீடிக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் உதகைக்கு 1908-லும் இருப்புப்பாதை வந்தது. கடைத்தெருவில் இரும்புக் கருவியும் உலோகக் கலமும் மலிந்தன. உருளைக்கிழங்கு, தேயிலை ஆகிய பணப்பயிர்களால் படகர் சந்தைப் பொருளாதாரத்துள் புகுந்தனர். படகச் சீர்திருத்தர் கோத்தர் இசையைத் தம் சடங்குகளிலிருந்து விலக்க முற்பட்டனர். இறந்த மாட்டின் இறைச்சியை உண்பவர், தோலைத் தொடுபவர் என்னும் இழிவு கோத்தர்மீது சுமத்தப்பட்டிருந்தது. தொழிலுறவு இருந்தவரை இவ்விழிவுக்கு ஓர் எதிர்நிறை இருந்தது. அவ்வுறவு அறுந்தபின் இழிவு மட்டும் எஞ்சியது.

5. 1924-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்

1924-இல் பேனால் பரவும் மீள்காய்ச்சல் கோல்மேலைத் தாக்கியது. சிற்றூரில் பலர் மாண்டனர். அவருள் பூசாரிப் பணிக்கு உரியோரும் அடங்குவர். பூசாரியும் தேர்கார்னும் இன்றித் தெய்வத்தின் சொல்லைக் கேட்க வழியில்லை. தெய்வத்தின் சொல் இன்றிப் புதிய பூசாரியைத் தேர்தலும் இயலாது. நோய் உயிர்களை மட்டுமன்றி ஊரின் முடிவெடுக்கும் முறையையும் வாங்கிற்று.

இவ்வெறுமையில் இளைஞர் ஒருவர்மீது தெய்வமேறியது. பேசியவை பழைய தெய்வங்களல்ல. சமவெளி இந்துக்களின் வழிபாட்டோடு தொடர்புடைய புதிய தெய்வங்கள். அவற்றுக்குக் கோவில் எழுந்தது. ஊர் இரண்டுபட்டது. பழைய தெய்வங்களின் சீற்றமே நோய் என்று ஒரு சாராரும், புதிய தெய்வங்களே காத்தன என்று மறு சாராரும் வாதிட்டனர். மாண்டல்பாம் வந்தபோது இப்பூசல் தணிந்திருக்கவில்லை. மாறா மரபுடையோர் எனப் பலராலும் எண்ணப்பட்ட மலைமக்கள், ஒரு தலைமுறைக்குள் தம் வழிபாட்டை மாற்றியமைத்தனர் என்பதற்கு இது தக்க சான்று.

6. சுள்ளி : ஒரு குரலின் வரலாறு

இப்பூசலில் முன்னின்றவருள் ஒருவர் கே. சுள்ளி. ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியப் பணி செய்தவர். மரபுக்கு மாறாகக் குடுமியைக் களைந்தவர். இறந்த மாட்டிறைச்சி உண்பதையும் அயலார் இழவுக்கு இசைப்பதையும் கைவிடுமாறு தம் மக்களை வற்புறுத்தியவர். எமனோவுக்குக் கதைகளைச் சொன்னவரும் மாண்டல்பாமுக்குச் செய்தி அளித்தவரும் இவரே.

ஆக, கோல்மேல் பற்றிய முதன்மையான மொழிச் சான்றும் முதன்மையான மானிடவியற் சான்றும் ஒருவர் வாயிலிருந்தே பிறந்தன. இவ்விரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாகக் கொள்ளல் பொருந்தாது. மாண்டல்பாமே இதனை உணர்ந்திருந்தார். 1960-இல் சுள்ளியைக் குறித்து எழுதிய கட்டுரையில், அவர் கதைகள் ஒழுங்குற அமைவதையும் நிகழ்ச்சிகளின் நடுவே அவரே தலைமைமாந்தராக நிற்பதையும் சுட்டினார்.

இதனால் சுள்ளியின் சான்று தாழ்வதில்லை. அதன் இயல்பு தெளிவாகிறது. அயலார் தந்த இழிவை அயலாரின் கல்வியைக் கொண்டே எதிர்த்த ஒருவர், தம் ஊரை எவ்வாறு காண விரும்பினார் என்பதற்கு அது நேர்ச்சான்று. அதே ஊரில் பழைய பூசாரிக் குடும்பத்தார் என்ன சொல்லியிருப்பர், மட்கலம் வனைந்த மகளிர் கொள்ளைநோயை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பன அத்தொகுதியில் இல்லை. தொகுதியின் மௌனத்தை ஊரின் மௌனமாகக் கருதலாகாது.

7. மொழி தரும் சான்று

உள்ளடக்கத்தில் ஒருவரின் சாய்வு இருப்பினும், ஒலியும் இலக்கணமும் சமூகத்தின் உடைமை. கோத்தர் மொழி முதலசைக்குப் பிந்திய உயிர்களைப் பெரிதும் இழந்து, மெய்கள் அடுத்தடுத்து நிற்கும் சொற்களைக் கொண்டது. பல், அண்பல், நாமடி என்னும் மூவகை இடங்களிலும் வல்லெழுத்தை வேறுபடுத்தும் தொன்மையைக் காத்தது. தமிழில் செவி என நிற்பது அதில் கெவ் என நிற்கும். முன்னுயிர்க்கு முன் ககரம் சகரமாகும் தமிழின் மாற்றம் அம்மொழியைத் தொடவில்லை. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961-லும், திருத்திய பதிப்பாக 1984-லும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் கோத்தர் சொற்கள் பெறும் இடத்திற்கு இக்கள ஆய்வே அடிப்படை.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க ஒரு சான்று உண்டு. ‘புலி கிலி’ போன்ற எதிரொலிச் சொற்களைக் கதையின் திருப்பமாகக் கொண்ட திராவிட நாட்டுப்புறக் கதைகளை எமனோ 1938-இல் ஆராய்ந்தார். கோத்தர் மொழியில் அது ‘புஜ் கிஜ்’. கேட்பவர் கிஜ் என்பதைப் புலியினும் கொடிய வேறோர் உயிரெனக் கொள்வதால் கதை நகர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான வடிவம் இல்லை. அடிக்குறிப்பு இன்றிக் கதை விளங்காது. தமிழிலோ கதை அப்படியே நிற்கும். ஆயினும் தமிழில் கிலி என்பதற்கு அச்சம் என்னும் பொருளும் இருத்தலின், மூலத்தில் இல்லாத பொருள்நயம் ஒன்று உடன் புகும். நெருங்கிய மொழிகளுக்கிடையே பெயர்க்கையில் இழப்பைவிட இத்தகைய மிகுதியே கூர்ந்து நோக்கத்தக்கது.

ஊர்ப்பெயரிலும் இவ்விடர் உளது. கோல்மேல் என்பதைக் கொல்லிமலை என எழுதின், தமிழ் வாசகர் சங்கப் பாடல்கள் போற்றிய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையையே கருதுவர். ஒத்த ஒலியால் ஓர் ஊர் தன் இடத்தையே இழக்கிறது.

8. முடிவுரை

ஓரிரு ஆயிரம் பேரே பேசும் கோத்தர் மொழி அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் உள்ளது. கோத்தர், நலிவுற்ற நிலையிலுள்ள பழங்குடியினராக இந்திய அரசால் ஏற்கப்பட்டுள்ளனர். பள்ளியும் அலுவலகமும் சந்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிகழ்வதால், கேர், வறள்தாவ் போன்ற சொற்கள் இனித் தமிழ்வழியாகவே வெளியுலகிற்கு விளக்கம் பெறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகமொழி வகித்த இடத்தைத் தமிழ் இன்று வகிக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

எனவே கோல்மேலைப் பற்றி எழுதுவோரும் பெயர்ப்போரும் மூன்று நெறிகளைக் கொள்ளல் நலம். ஊரையும் குழுக்களையும் அவர்தம் பெயராலேயே முதற்கண் சுட்டல். சான்று எவர் வாய்மொழி என்பதை மறைக்காதிருத்தல். தமிழோடு ஒத்திருக்கும் சொல்லைத் தமிழ்ப்பொருளிலேயே கொள்ளாதிருத்தல் என்பன அவை. ஒரு மனிதர் தம் ஊருக்காக வாதாடிச் சொன்ன கதைகள் அச்சில் நிலைபெற்றுவிட்டன. அவற்றினருகே அவ்வூரின் பிற குரல்களுக்கும் இடம் ஒதுக்குவதே, மொழி வழக்கில் உள்ளபோதே செய்தற்குரிய பணியாகும்.