பால்மரக் காட்டில் வளம்: மலாயாத் தோட்டத் தமிழரின் கூலியும் நிலமும் (1907–1969)

பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துக் கூறுகிறது. காழகம் இன்றைய கெடாப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவருள் பெரும்பாலோர் வணிகர் அல்லர். நிலமற்ற உழவுத் தொழிலாளர். அவர்கள் சென்றடைந்த நாடோ வறிய நாடன்று. ஈயமும் இரப்பரும் மலாயாவைப் பிரித்தானியப் பேரரசுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்த நாடுகளுள் ஒன்றாக்கியிருந்தன. வளமிக்க நாட்டில் குடியேறியோர் தாமும் வளம் பெறுவரா? குடியேறியவரின் முயற்சியையும் சிக்கனத்தையும் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்பது நம்மிடையே வழக்கமாக உள்ளது. தோட்டத் தமிழர் வரலாறு அவ்விடைக்கு இடந்தரவில்லை.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலை செய்வோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப இந்நிதிக்குத் தொகை செலுத்தினர். தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொணரும் கப்பற்செலவு இதிலிருந்து வழங்கப்பட்டது. 1910இல் சஞ்சிக்கூலி முறையும் முடிவுற்றது. சட்டத்தின் கண்ணில், புதிதாக வந்தவர் கடன்சுமையின்றித் தரையிறங்கிய உரிமைத் தொழிலாளி. இதனை முன்னேற்றம் என்றே பலர் எழுதியுள்ளனர். ஓரளவு உண்மையும் கூட. ஆனால் நிதியின் உட்பயன் வேறு. ஆள் தேவைப்படும்போதெல்லாம் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்கள் வழியாகப் புதியவர் வந்துகொண்டே இருந்தமையால், இரப்பர் விலை உயர்ந்தபோது கூலி அதனோடு சேர்ந்து உயர வேண்டிய தேவை எழவில்லை. ஆள் திரட்டிய கங்காணிக்கும் தம் கீழ் வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவர் பொருட்டும் நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. ஊர்க்காரராகவும் உறவினராகவும் விளங்கிய அவருடைய நலன், தொழிலாளி வேறு தோட்டம் நாடாமல் இருப்பதில் அடங்கியிருந்தது.

விலை உயர்வில் பங்கு பெறாத கூலி, விலை வீழ்ச்சியில் முழுப் பங்கையும் ஏற்றது. 1920களின் இறுதியில் முதன்மையான பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் விதிக்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. (பெண்களும் ஆண்களைப் போலவே பால்வெட்டினர் என்பதை ஈண்டு நினைவுகொள்ள வேண்டும்.) உலகப் பொருளாதார மந்தத்தின்போது ஆடவர் கூலி 28 காசு வரை இறங்கியது; இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1936இன் இறுதியில் மலாயா சென்று ஆராய்ந்து, பழைய 50, 40 காசுக் கூலியை மீட்டளிக்கப் பரிந்துரைத்தார். அவரது அறிக்கை மிக மென்மையானது என்று அக்காலத்திலேயே குறைகூறப்பட்டது. 1938இல் மீண்டும் கூலி குறைக்கப்படவே, இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தையே தடைசெய்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தம் தனித்து நோக்கத்தக்கது. கூலி உயர்வு கேட்டவர்கள் அதனோடு, துரைமார் எதிர்ப்படும்போது தொழிலாளர் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். சைக்கிள் என்பது கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள். ஊரில் இருந்திருந்தால் வாங்கியிருக்க இயலாத பொருளாகவும் இருக்கலாம். வருவாயை மட்டும் நோக்கும் ஆய்வாளர் அதை வளத்தின் அடையாளமாகக் கணக்கிடுவர். அதன்மேல் அமர்ந்து செல்லும் உரிமை அதை வாங்கியவர்க்கு இல்லை. மேல்சாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவரின் மக்களுக்கு, கடல் கடந்த பின்னும் அவ்விழிவு வேறு வடிவில் தொடர்ந்தது. அரசு படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அதே நாட்டில் வளம் பெற்ற தமிழரும் உளர். நாட்டுக்கோட்டை நகரத்தார் முதலீட்டோடு வந்தனர். கடன் ஈடாக நிலமும் அவர்கள் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் ஆங்கிலக் கல்வியோடு வந்து இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தனர். தோட்டத் தொழிலாளியிடம் இவ்விரண்டும் இல்லை; இரண்டையும் ஈட்டும் வழியும் திறக்கப்படவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வகைசெய்தது உண்மையே. ஆனால் அது தொடக்கநிலைத் தமிழ்ப்பள்ளி. அதைக் கடந்து செல்லப் பெரும்பாலோர்க்குப் படிக்கட்டு இல்லை. படித்து முடித்த பிள்ளை பெற்றோரின் பால்வாளியையே ஏந்தியது. நிலமோ, 1913இன் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டத்தால் ஒருபுறமும் தோட்ட நிறுவனங்களின் உடைமையால் மறுபுறமும் அடைபட்டிருந்தது. குடியிருந்த லயமும் தோட்டத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போயிற்று. கள்ளுக்கடையைக் காட்டித் தொழிலாளியின் ஒழுக்கத்தைக் குறைகூறும் எழுத்துகள், அக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே நடத்தப்பட்டதைக் குறிப்பிடுவது அரிது.

நிலத்தின் இன்றியமையாமை 1950களில்தான் முழுமையாக உணரப்பட்டது. வெளியேறிய பிரித்தானிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர் அவற்றைத் துண்டாடினர். தலைமுறைகளாகப் பால்வெட்டியவர்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். இதனை எதிர்கொள்ள 1960இல் வீ.தி. சம்பந்தனார் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத்தொகையால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வெட்டிய மரத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் சொல்லிக்கொள்ள முடிந்தது அப்போதுதான். மிகப் பிந்திய தொடக்கம் அது. எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை.

1969இல் குடியுரிமை பெறாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. தாள்களின் தேவையை அறியாமலோ, பிறப்புச் சான்று இன்மையாலோ விண்ணப்பிக்காது இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து தமிழகம் திரும்பினர். அவர்களுள் பலர் பிறந்தது மலாயாவில். தமிழகம் அவர்கள் முன்பின் பார்த்திராத ஊர்.