செவிலியர் தொழிற்சட்டங்கள்: முட்டம், குமரி மாவட்டம்

நோயாளியைப் பராமரிக்கும் தொழிலை யார் செய்யலாம், அதற்கு என்ன படித்திருக்க வேண்டும், பெயரை எங்கே பதிய வேண்டும், தவறு நேர்ந்தால் யார் விசாரிப்பது என்று வரையறுக்கும் சட்டங்களும் விதிகளும் செவிலியர் தொழிற்சட்டங்கள் எனப்படுகின்றன. குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், அரபிக்கடல் ஓரம் பாறைகளும் கலங்கரை விளக்கமுமாக இருக்கும் மீனவ ஊர் முட்டம். இந்தச் சட்டங்களின் வரலாற்றைப் படிக்க முட்டம் பொருத்தமான இடம். திருவிதாங்கூர் சமஸ்தானம், திருவிதாங்கூர்–கொச்சி, சென்னை மாநிலம், தமிழ்நாடு என்று இந்த ஊரின் மேல் ஆட்சி மாறிக்கொண்டே வந்தது. அதோடு இங்குள்ள செவிலியரின் பெயர் இருக்க வேண்டிய பதிவேடும் இடம் மாறியது. யார் செவிலியர் என்ற கேள்விக்குச் சட்டம் விரைவாகவே பதில் சொல்லிவிட்டது. அவர் எதைச் செய்யலாம், அவருக்கு என்ன சேர வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் மிகத் தாமதமாக, அதுவும் அரைகுறையாகவே வந்தது.

சட்டம் வருமுன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் பிரசவம் பார்த்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள். 1838இல் லண்டன் மிஷன் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் அங்கே பொறுப்பேற்ற டாக்டர் சார்லஸ் லீச் 1854இல் முட்டம் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். 1861இல் வந்த டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவிக்க ஆரம்பித்தார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1893இல் ஒரு குளியலறையில் தொடங்கிய சிறு மருந்தகம்தான் பிறகு கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது.

இந்த மருத்துவமனைகளில் தாதியர் இருந்தார்கள், பயிற்சி இருந்தது, கண்டிப்பும் இருந்தது. அரசுச் சட்டம் மட்டும் இல்லை. மருத்துவமனை தரும் சான்றிதழே தகுதிச் சான்று, மேற்பார்வையாளரின் சொல்லே விதி. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் சான்றிதழ் கொடுத்தால் தரம் சிதறிப்போகும் என்று உணர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய மிஷன் மருத்துவமனைகள் பொதுத் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்துக்கொண்டன. அரசு பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே தொழிலுக்குள் இருந்தவர்கள் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டது இந்த வரலாற்றில் மதிக்கத்தக்க செயல்.

திருவிதாங்கூர் அரசு மருத்துவத் துறையில் பணியாற்றி 1938இல் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு உயர்ந்த டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், பரம்பரை மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். மருத்துவச்சிகளை விரட்டாமல் அவர்கள் குடும்பத்தை முறையான பயிற்சிக்குள் கொண்டுவந்த இந்த வழி, வெறும் தடையைவிட அதிகம் சாதித்திருக்கும் என்றே கருத வேண்டும்.

பதிவேடு

செவிலியர் பதிவுக்காகத் தனிச் சட்டத்தை நாடு முழுமைக்கும் முதலில் இயற்றியது நியூசிலாந்து, 1901இல். இங்கிலாந்தில் மருத்துவச்சிகளுக்கு 1902இலும் செவிலியருக்கு 1919இலும் சட்டம் வந்தது. நவீன செவிலியத்தின் தாய் எனப் போற்றப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தப் பதிவு முறையை எதிர்த்தவர். நல்ல தாதிக்கு வேண்டிய குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பயிற்சி இல்லாதவர் வெள்ளைச் சீருடை அணிந்து வந்து நின்றால் அடையாளம் காண நோயாளிக்கு வேறு வழி இல்லை.

இந்தியாவில் சென்னை மாகாணம் முன்னால் நின்றது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. 1926ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகச் சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. கவுன்சிலும் பதிவேடும் அதன் கீழ் உருவாயின. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் கவுன்சிலுக்கு வேர் அந்தச் சட்டம்தான். ஆனால் அதன் அதிகாரம் ஆரல்வாய்மொழிக் கணவாயோடு நின்றது. கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர். அதனால் திருநெல்வேலியில் வேலை பார்த்த தாதிக்கு இருந்த சட்டம் முட்டத்துத் தாதிக்கு இல்லை. இப்பக்கத்துக்கு உரிய சட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் 1953இல் இயற்றப்பட்டது. கேரளத்தின் இன்றைய செவிலியர் கவுன்சில் இயங்குவது அந்தச் சட்டத்தின் மேல்தான்.

மூன்றே ஆண்டுகளில் எல்லை மாறியது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து குமரி மாவட்டமாயின. நிலம் கைமாறியதும் சட்டமும் தானாகக் கைமாறிவிடவில்லை. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி, புதிய மாநிலம் மாற்றும்வரை பழைய சட்டமே நீடிக்கும். அதனால் சென்னைச் சட்டங்களை இணைந்த பகுதிகளுக்கு விரிவாக்க 1957 முதல் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. பழைய சமஸ்தானத் தலைநகரான திருவனந்தபுரம், பயிற்சிக்கும் வேலைக்கும் இப்பகுதிப் பெண்கள் இயல்பாகப் போய்வந்த நகரம். அது வேறொரு பதிவேட்டின் எல்லைக்குள் போய்விட்டது. தமிழ்நாட்டில் பதிந்த செவிலியர் கேரளத்தில் வேலை பார்க்க வேண்டுமானால் அங்குள்ள கவுன்சிலிலும் பதிந்தாக வேண்டும் என்ற நிலை அன்று தொடங்கியது.

இந்திய நர்சிங் கவுன்சில்

சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட போர் (Bhore) கமிட்டி 1946இல் அறிக்கை தந்தபோது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கு. மாகாணத்துக்கு மாகாணம் படிப்பும் தேர்வும் வேறுபட்டன. இதைச் சீராக்க இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947 டிசம்பர் 31 அன்று ஒப்புதல் பெற்றது. எந்தப் படிப்புக்கு அங்கீகாரம், குறைந்தபட்சப் பாடத்திட்டம் எது என்று தீர்மானிப்பது இந்தக் கவுன்சிலின் வேலை. பெயரைப் பதிவதும் நீக்குவதும் மாநிலக் கவுன்சில்களிடமே விடப்பட்டன.

இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மருத்துவச்சிப் பயிற்சி), நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் என்ற இன்றைய படிநிலை இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளில் உருவானது. நெய்யூர், சுங்கான்கடை, நாகர்கோவில் எனக் குமரி மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகள் நெருக்கமாக இருப்பதால், கடலோரக் குடும்பங்களின் பெண்கள் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்ப் படித்துவர முடிகிறது. படிப்பு முடிந்ததும் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு, தேசிய அடையாள எண், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்று நடைமுறை நீளுகிறது.

எதைச் செய்யலாம்?

துணை சுகாதார நிலையத்தில் ஏ.என்.எம். படித்த கிராம சுகாதாரச் செவிலியர் தனியாக இருக்கிறார். பிரசவம் முடிந்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை, மருத்துவர் பக்கத்தில் இல்லை. ஆக்ஸிடோசின் ஊசியை அவர் கையால் போடலாமா? பல ஆண்டுகளாக இதற்குத் தெளிவான எழுத்துப்பூர்வ அனுமதி கிடையாது. போட்டால் அதிகார மீறல், போடாவிட்டால் தாயின் உயிர். 2000களின் நடுவில்தான் மத்திய அரசின் பேறுகால வழிகாட்டுதல்கள், நெருக்கடி நேரத்தில் ஆக்ஸிடோசின், மக்னீசியம் சல்பேட், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளை ஏ.என்.எம். செலுத்த இடம் கொடுத்தன. ஒரு நடைமுறை உண்மையை அரசு ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆனது.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றங்கள் சுட்டும் வழக்கு ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைஃபாய்டு என்று சேர்க்கப்பட்ட குழந்தைக்கு மருத்துவர் எழுதியது குளோரம்பெனிக்கால். ஆனால் தாதி, தந்தையிடம் லாரியாகோ என்ற குளோரோகுயின் ஊசியை வாங்கிவரச் சொல்லி அதைச் சிரையில் செலுத்திவிட்டார். குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அந்தத் தாதி தகுதி பெற்றவரே அல்ல. 1998இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தகுதியற்றவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையும், ஊசி போடும் பொறுப்பைத் தாதியிடம் விட்ட மருத்துவரும் பொறுப்பு என்றது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உறுதியானது. கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதும் கையில் இருக்கும் ஆம்பியூலில் அச்சிட்டிருப்பதும் ஒன்றா என்று படித்துப் பார்ப்பது, நர்சிங் பள்ளியில் முதலில் சொல்லித்தரும் பாடம். செலவைக் குறைக்கப் பயிற்சியற்றவரை வைத்து நடத்தும் சிறு மருத்துவமனைகள் அந்தப் பாடத்தைத்தான் துச்சமாக்குகின்றன.

ஊதியமும் கடல் கடந்த வேலையும்

கடமைகளை விரிவாக எழுதிய விதிகள் ஊதியத்தைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு பாண்ட் எழுதி வாங்கும் வழக்கத்துக்கு எதிராக 2011ஐ ஒட்டிக் கேரளத்திலும் டெல்லியிலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் போராடினார்கள். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200க்கு மேல் என்றால் அரசு ஊதியத்துக்கு நிகராகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. தமிழ்நாட்டில் அரசே 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியருக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தந்தது. அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் அமர்ந்து போராடிய பிறகே அந்தத் தொகை உயர்ந்தது.

படித்து முடித்த செவிலியர் வளைகுடாவையும் பிரிட்டனையும் நோக்குவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அங்கே மறுபடியும் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, தன்மீது நடவடிக்கை ஏதும் இல்லை என்று தமிழ்நாட்டுக் கவுன்சில் தரும் நற்சான்று. ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் பணம் பறித்த புகார்கள் பெருகியதால் 2015இல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் மட்டுமே அனுப்பலாம் என்றது அது. கேரளத்தின் நோர்க்காவும் ஒடெபெக்கும், தமிழ்நாட்டின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் அந்த வகையில் வருபவை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈராக் போரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் மீட்கப்பட்டு ஊர் திரும்பியிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர்.

2023க்குப் பின்

எழுபத்தைந்து ஆண்டுப் பழைய இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தைப் பிடிக்க, தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் பெற்றது. தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், ஒழுக்கநெறிக்கும் பதிவுக்கும் தனி வாரியம், நாடு முழுமைக்குமான ஒரே பதிவேடு ஆகியவற்றை அது வகுக்கிறது. பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவேடு ஒன்றானால், 1956இல் ஆரம்பித்த கேரள எல்லைச் சிக்கலும் இப்பகுதிச் செவிலியருக்குத் தீர வழி பிறக்கும்.

2023 டிசம்பரில் நிறைவேறி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டமோ புதிய சிக்கல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் அது இரண்டாண்டாகக் குறைகிறது. மருத்துவர் என்பதற்கு அங்கே தரப்பட்ட விளக்கம் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தை மட்டுமே சுட்டுகிறது, செவிலியர் பதிவேட்டைச் சுட்டவில்லை. ஒரே படுக்கையருகே, ஒரே சிகிச்சையில், ஒரே தவறுக்கு மருத்துவருக்கு ஒரு வரம்பும் அவர் சொல்லைக் கேட்டு ஊசி போட்ட செவிலியருக்கு அதைவிடக் கடுமையான வரம்பும் இருப்பது அநீதி. அந்த விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், இது சரியாகிவிடும்.