‘ஆர்’ என்ற ஓரெழுத்துக்கு உரை

லினக்ஸில் ஒரு வட்டுக் கோப்பை பிளாக் டிவைஸாக நெட்வொர்க் வழியே கொடுக்கும் டீமன் கியூஎமு-என்பிடி. எதையும் எழுதவிடாமல் படிக்க மட்டும் விடுவது அதன் ‘ரீட்-ஒன்லி’ ஆப்ஷன். அதற்கான சி நிரல் சில வரிகள்தான்.

“ரீட்-ஒன்லி”, நோ_ஆர்க்யுமென்ட், நல், ‘ஆர்’

கட்டளை வரியைப் பிரிக்கும் கெட்ஆப்ட்_லாங்குக்கான பட்டியலில் ஒரு வரிசை. நீண்ட பெயரை ‘ஆர்’ என்ற எழுத்தோடு முடிச்சுப் போடுகிறது. பின்னால் மதிப்பு எதுவும் வராது. கட்டளை வரியில் ‘ஆர்’ வந்தால், ஸ்விட்சில் அதற்கான கேஸில் ஓடும் வரிகள் இனி வருபவை.

ரீட்ஒன்லி = ட்ரூ;

எதிர்முனைக்குச் சொல்லும் சேதி இது. இணைப்பு தொடங்கும்போது என்பிடி சர்வர் அனுப்பும் கொடிகளில் 1ஆம் பிட் ஏற்றப்படும். அதைப் பார்த்ததும் லினக்ஸ் கெர்னல் /டெவ்/என்பிடி0-வையே எழுத முடியாத டிவைஸாகக் குறித்துவிடும்.

மவுன்ட் செய்யும்போது ‘ஆர்ஓ’ போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மின்சாரம் போய்ப் பாதியில் நின்ற இயந்திரத்தின் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இஎக்ஸ்டி4 ஜர்னலில் முடியாத வேலை பாக்கி இருக்கும். ‘ஆர்ஓ’ என்று மவுன்ட் செய்தாலும் இஎக்ஸ்டி4 முதலில் அந்தப் பாக்கியை வட்டில் எழுதித் தீர்த்துவிடும். காப்பாற்ற நினைத்த தடயம் அங்கேயே மாறிப்போகும். டிவைஸே பூட்டியிருந்தால் எழுத வழியில்லை, மவுன்ட் மறுக்கப்படும். அப்போது ‘நோலோட்’ சேர்த்து, ஜர்னலைத் தொடாமல் உள்ளே பார்க்கலாம்.

ஃப்ளாக்ஸ் &= ~பிடிஆர்வி_ஓ_ஆர்டிடபிள்யூஆர்;

என் கணக்கில் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. மேலே உள்ளது அறிவிப்பு; இது பூட்டு. கோப்பைத் திறக்கும் கொடிகளிலிருந்து எழுதும் உரிமைக்கான பிட்டை மட்டும் இது கழற்றுகிறது. ‘ஃப்ளாக்ஸ் = 0’ என்று எழுதியிருந்தால் கேஷ், டிஸ்கார்ட் ஆப்ஷன்கள் முன்பே ஏற்றிய பிட்டுகளும் சேர்ந்து போயிருக்கும்.

இது ஏன் வேண்டும்? கியூகவ்2 வகை வட்டுக் கோப்பை எழுதும் உரிமையோடு திறந்தாலே, எதிர்முனை ஒரு பைட்டும் எழுதாவிட்டாலும், அதன் தலைப்பகுதி மாறக்கூடும். உரிமையே இல்லாமல் திறந்த கோப்பில், டீமனுக்குள் பிழை இருந்து எழுதப் போனாலும் கெர்னல் ‘ஈபேட்எஃப்’ என்று திருப்பி அனுப்பிவிடும்.

பிரேக்;

இதை மறந்தால் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் வழியும்.

ஆப்ஷனைச் சேர்த்தவர் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. டீமனைக் கிளப்பும் முன் கோப்புக்கு ஷா256சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜர்னல் பாக்கியுள்ள வட்டை ‘நோலோட்’ போட்டு மவுன்ட் செய்து, படித்து, கழற்றி, மறுபடி எடுங்கள். 64 எழுத்தும் அப்படியே இருக்க வேண்டும்.