இரு பூட்டுகள்

இணையத்தின் இளமையில் யூஸ்நெட் என்னும் கலந்துரையாடற் குழுக்களின் வழிகள் பல, ஆங்கில நெடுங்கணக்கை உட்கொண்ட 128 குறிகளையே பழுதின்றிக் கடத்தின. படமோ எழுத்துருவோ அனுப்ப விரும்பியோர், பெர்க்லியில் 1980இல் எழுந்த ‘யூயூஎன்கோட்’ முறையை நாடினர். கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் அதில் நான்கு குறிகளாக மாறும். பெருங்கோப்பைப் பல மடல்களாக வெட்டுவர். பெறுவோர் வரிசை பிறழாது ஒட்டி, மீண்டும் கோப்பாக்குவர். ஏடு ஒன்று தொலைந்த சுவடி போல, ஒரு மடல் வாராவிடின் எல்லாம் வீண்.

தமிழுக்கோ இரண்டாம் பூட்டும் இருந்தது. கலியாணசுந்தரத்தின் மயிலை, நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என எழுத்துருக்கள் பல. எழுத்துக்கு எண் தருவதில் அவை ஒத்துப்போகவில்லை. எழுதியவரின் எழுத்துரு இல்லாதார்க்கு வந்த தமிழ் வெறுங்கிறுக்கலே. அதனாற்றான் 1990களில் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர் போலும்.

முதற்பூட்டை இன்றும் எளிதில் திறக்கலாம். அம்முறை உலகப் பொது. இரண்டாவது அத்தகையதன்று. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. கணினிகளில் அது பரவப் பல்லாண்டுகள் சென்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் பழைய நூற்கோப்புகளைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற நேர்ந்தது. நம் பள்ளி அலமாரிகளின் நெகிழ்வட்டுகளில் உள்ள பழைய வினாத்தாள்கள் எவ்வெழுத்துருவில் அமைந்தவை என்று கேட்டால், சொல்வார் அரியர்.